உப்பைக் குறைத்தால் ஆஸ்துமா குறையுமா?

கேள்வி இதுதான். ஆஸ்துமா உள்ள ஒருவர், சாப்பாட்டில் உப்பைக் குறைத்தால் மூச்சுக்குழாய் இறுகுவது குறையும் என்று எங்கோ படித்திருக்கிறார். அது உண்மையா, உண்மையென்றால் இன்ஹேலரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடலாமா என்று கேட்கிறார். கூடவே, சும்மா இருக்கும்போது பெரிதாகத் தொந்தரவு இல்லை, ஓடினால்தான் இழுக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார்.

போகிறபோக்கில் சொன்ன அந்தக் கடைசி விவரத்தில்தான் விஷயமே இருக்கிறது. பொதுவான ஆஸ்துமாவுக்கு உப்பைக் குறைப்பது ஒரு சிகிச்சை இல்லை, அதை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், பலன் தெரியவில்லை. ஆனால் ஓடினால், விளையாடினால் மூச்சுக்குழாய் சுருங்குகிறதே, அந்த ஒரு இடத்தில் உப்புக்குக் கொஞ்சம் பங்கு இருப்பதாகக் காட்டும் ஆய்வுகள் உண்டு. இன்ஹேலரை நிறுத்துவது பற்றிய பதில் இரண்டு வகையினருக்கும் ஒன்றுதான்: நிறுத்தக் கூடாது. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் "உப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம்" என்று ஒரு பக்கமும், "அதெல்லாம் கட்டுக்கதை" என்று இன்னொரு பக்கமும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், இரண்டுமே சரியில்லை.

இந்தச் சந்தேகம் புதிதாகக் கிளம்பியது இல்லை. உடலின் உப்புச் சமநிலைக்கும் ஆஸ்துமாவுக்கும் தொடர்பு இருக்குமோ என்று 1930களிலேயே மருத்துவர்கள் குழந்தைகளிடம் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அப்புறம் பல ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1980களில் பீட்டர் பர்னி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் அதை மறுபடி எடுத்தார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எந்தெந்தப் பகுதியில் மேசை உப்பு அதிகம் விற்கிறதோ அந்தந்தப் பகுதியில் ஆண்களும் குழந்தைகளும் ஆஸ்துமாவால் இறப்பது அதிகமாக இருப்பதை அவர் கவனித்தார். 1987ல் அது வெளியானது. இப்படி ஊர்வாரியான கணக்கை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, உப்பு அதிகம் வாங்கும் இடத்தில் புகைபிடிப்பவர்களும் அதிகம் இருக்கலாம், வருமானம் குறைவாக இருக்கலாம், இன்னும் எத்தனையோ இருக்கலாம். பர்னிக்கும் அது தெரியும், அதனால்தான் ஆட்களின் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அதில் சோடியத்தை அளந்து, மூச்சுக்குழாய் எவ்வளவு எளிதாகச் சுருங்குகிறது என்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையிலும் இறங்கினார்.

சிறுநீரில் ஏன் அளக்க வேண்டும் என்றால், எவ்வளவு உப்பு சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை, உண்மையிலேயே தெரியாது. சாப்பிடும் சோடியத்தில் பெரும்பகுதி சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது, அதனால் ஒரு முழு நாளின் சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் ஒரு கேனில் பிடித்துக் கொடுத்தால் உள்ளே போனது எவ்வளவு என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். உப்பு பற்றிய ஆய்வு எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான். வெறும் கேள்வித்தாளை மட்டும் நம்பிச் செய்த ஆய்வு என்றால் அதற்கு நான் அவ்வளவு எடை கொடுப்பதில்லை.

அதன்பின் வந்த சிறு சிறு பரிசோதனைகள் ஆளுக்கொரு திசையில் இழுத்தன. 1993ல் ஆஸ்துமா உள்ள ஆண்களை வைத்துச் செய்த ஒன்றில் உப்பு குறைந்தபோது நிலைமை கொஞ்சம் தேறியது. வேறு சிலவற்றில் ஒரு மாற்றமும் இல்லை. ஆண்களிடம் தெரிந்த விளைவு பெண்களிடம் தெளிவாகத் தெரியாமல் போனதும் உண்டு. பத்துப் பேர், இருபது பேர் என்று வைத்துச் செய்யும்போது இப்படித்தான் ஆகும், ஓரிருவர் உடம்பு வேறு மாதிரி நடந்துகொண்டாலே மொத்த முடிவும் புரண்டுவிடும். உப்பு கூடினால் தசைச் செல்லுக்குள் சோடியம் ஏறும், அதை வெளியேற்றும் முயற்சியில் கால்சியம் உள்ளே வரும், கால்சியம் ஏறினால் மூச்சுக்குழாய்த் தசை சுருங்கும் என்று ஒரு விளக்கமும் அப்போது புழக்கத்தில் இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் விளக்கம் நன்றாக இருப்பதாலேயே நோயாளிக்குப் பலன் கிடைத்துவிடாது.

சரி, இப்போது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் நடந்த ஓர் ஆய்வுக்கு வருவோம், 2008ல் வெளியானது. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் அமைப்பு அவ்வளவு அழகு. உணவை வைத்துச் செய்யும் ஆய்வில் பெரிய தலைவலி என்னவென்றால், யார் என்ன சாப்பிடுகிறார் என்பது அவருக்கே தெரிந்துவிடும். உப்பில்லாத சாப்பாட்டை நாக்கிடமிருந்து மறைக்க முடியாது. உப்பைக் குறைத்திருக்கிறோம் என்று தெரிந்தவுடன் மூச்சு லேசானது போல் தோன்றுவதும் இயல்புதான். இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், ஆஸ்துமா உள்ள 220 பெரியவர்கள் எல்லோரையுமே உப்பு குறைந்த உணவுக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு பாதிப் பேருக்கு மெல்லக் கரையும் சோடியம் மாத்திரை, மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. அதாவது நாக்கு எல்லோருக்கும் ஒன்றையே சொல்லும், உடம்புக்குள் போகும் சோடியம் மட்டும் வேறு. மாத்திரையில் போன சோடியம் ஒரு நாளைக்கு 80 மில்லிமோல், உப்பாகக் கணக்குப் போட்டால் சுமார் 4.7 கிராம். இது ஒன்றும் சின்ன வித்தியாசம் இல்லை. 6 வாரம் இப்படியே போனது. முடிவில் மெத்தகோலின் என்ற மருந்தை முகர வைத்து மூச்சுக்குழாய் எவ்வளவு சுலபமாகச் சுருங்குகிறது என்று பார்த்தார்கள், நுரையீரலின் ஊதும் திறனைப் பார்த்தார்கள், அறிகுறிகளைக் கேட்டார்கள், நிவாரண இன்ஹேலரை எத்தனை முறை எடுத்தார்கள் என்றும் பார்த்தார்கள். எதிலும் இரண்டு குழுவுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

என்னைப் பொறுத்தவரை பொதுவான ஆஸ்துமா பற்றிய விவாதம் அங்கேயே முடிந்துவிட்டது. உப்பைக் குறைத்ததால் உங்கள் அன்றாட வீசிங் போய்விடும் என்று யாராவது சொன்னால், இந்த 220 பேருக்கு ஏன் போகவில்லை என்று கேளுங்கள்.

ஓடும்போது வரும் இழுப்பு கதையே வேறு, அதற்கு மூச்சுக்குழாயின் உட்புறத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அதன் உட்சுவரில் மிக மெல்லிய ஒரு நீர்ப்படலம் இருக்கிறது, நுண்ணிய மயிரிழைகள் அதில் மிதந்து அசைந்துதான் சளியை மேலே தள்ளுகின்றன. அந்தப் படலத்தின் கனம் சுமார் 7 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறு, எட்டு லிட்டர் காற்றை மூக்கு வழியாக இழுக்கிறோம், மூக்கே அதைச் சூடாக்கி ஈரமாக்கி உள்ளே அனுப்பிவிடுகிறது. வேகமாக ஓடும்போது அது நிமிடத்துக்கு 100 லிட்டரைக்கூடத் தாண்டலாம், வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறோம், வறண்ட காற்று நேராகக் கீழே இறங்குகிறது. அதை ஈரமாக்கும் வேலை அந்த மெல்லிய படலத்தின் தலையில் விழுகிறது. நீர் ஆவியாகிறது, உப்பு அங்கேயே தங்குகிறது, படலம் அடர்த்தியாகிறது. அந்த அடர்த்தியை ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாயில் இருக்கும் மாஸ்ட் செல்கள், அதாவது ஒவ்வாமையில் பங்கெடுக்கும் நோயெதிர்ப்புச் செல்கள், சகித்துக்கொள்வதில்லை. ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன், புரோஸ்டாகிளாண்டின் என்று தசையைச் சுருக்கும் வேதிப்பொருள்கள் எல்லாவற்றையும் கொட்டுகின்றன, தசை இறுகுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதைவிட ஓடி நின்று 5 முதல் 15 நிமிடத்துக்குள் இது உச்சத்துக்குப் போவது வழக்கம். அதனால்தான் "ஓடும்போது நன்றாகத்தான் இருந்தேன், நின்றதும் நெஞ்சைப் பிடித்தது" என்று பலர் சொல்கிறார்கள்.

இப்படி நீரும் உப்பும் சம்பந்தப்பட்ட இடம் என்பதால், சாப்பிடும் உப்பு இங்கே கை வைக்குமா என்று பார்த்தவர்கள் திமோதி மிக்கல்பரோ, ராபர்ட் காட்ஷால் ஆகிய ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டை ஒட்டி அவர்களுடைய ஆய்வுகள் வரத் தொடங்கின. ஒரே ஆளை இரண்டு வாரம் குறைந்த உப்பு, இரண்டு வாரம் வழக்கமான உப்பு, இரண்டு வாரம் அதிக உப்பு என்று மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொன்றின் முடிவிலும் ஓடவிட்டு, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஊதச் சொன்னார்கள். குறைந்த உப்பு என்றால் நாளைக்கு சுமார் 1500 மில்லிகிராம் சோடியம். ஓடிய பிறகு நுரையீரல் திறன் விழும் அளவு, குறைந்த உப்பில் குறைவாகவும் அதிக உப்பில் அதிகமாகவும் இருந்தது. ஓடுவதற்கு முன் எடுத்த அளவில் மட்டும் மூன்று உணவுக்கும் வித்தியாசம் இல்லை! ஆஸ்துமா இல்லாதவர்களை வைத்துப் பார்த்தபோதும் உப்பு எதையும் மாற்றவில்லை. பின்னர் வந்த ஆய்வில், அதிக உப்பு சாப்பிட்டபோது ஓட்டத்துக்குப் பிறகு சளியில் அழற்சிச் செல்களும் லூக்கோட்ரையீன் போன்ற பொருள்களும் கூடியிருந்ததையும் காட்டினார்கள். சோடியம் மட்டும் காரணமா, குளோரைடும் சேர்ந்தா என்று பிரித்துப் பார்த்ததில் இரண்டுக்கும் பங்கு இருப்பதாகவே தெரிந்தது.

இப்போது நாட்டிங்ஹாம் முடிவையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் மோதவில்லை. மெத்தகோலின் நேராகப் போய்த் தசையைச் சுருக்கும் மருந்து. ஓட்டம் அப்படி இல்லை, படலத்தை உலர்த்தி, மாஸ்ட் செல்லைத் தூண்டி, சுற்றி வளைத்துத்தான் தசைக்கு வருகிறது. உப்பின் வேலை அந்தச் சுற்றுவழியில் எங்கோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் இரண்டு முடிவுகளும் பொருந்திவிடுகின்றன. இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோலுக்குள் இறுக்கமாகக் காக்கப்படுகிறது, கொஞ்சம் உப்பு கூடச் சாப்பிட்டால் அது சட்டென்று ஏறிவிடாது. உடம்பு தண்ணீரைத் தக்கவைத்து ஈடுகட்டும். அப்படித் தேங்கும் நீர் மூச்சுக்குழாய்ச் சுவரின் நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து சுவரை லேசாகத் தடிக்க வைக்கலாம் என்பதுதான் எனக்கு அதிகம் நம்பத்தக்கதாகப் படும் விளக்கம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது, இந்த ஓட்ட ஆய்வுகள் எல்லாமே சிறியவை. பெரும்பாலும் ஒரே குழுவினர் செய்தவை. மருத்துவ ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2011ல் வந்தது, அதுவும் இதே இடத்தில்தான் நிற்கிறது: பொதுவான ஆஸ்துமாவுக்கு உப்புக் குறைப்பு உதவுவதாகச் சான்று இல்லை, உடற்பயிற்சியால் வரும் சுருக்கத்தில் கொஞ்சம் முன்னேற்றம் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல இன்னும் பெரிய ஆய்வு வேண்டும். குழந்தைகளிடம் பார்த்த கணக்கெடுப்புகளில் உணவில் உப்பு கூடச் சேர்ப்பதற்கும் வீசிங்குக்கும் தொடர்பு தெரிந்தது உண்டு, ஆனால் அது கணக்கெடுப்புதான். உப்பு அதிகமான உணவு என்றால் பெரும்பாலும் பாக்கெட் உணவு, அதோடு கொழுப்பு, உடல் எடை, பழம் காய்கறிக் குறைவு, ஓடியாடாமல் இருப்பது என்று ஒரு கூட்டமே சேர்ந்து வரும். சில பதப்படுத்திய உணவுகளில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டே ஆஸ்துமா உள்ள சிலருக்கு நேரடியாக இழுப்பைக் கிளப்பிவிடும், அது உப்பின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது.

நோயெதிர்ப்பு பக்கத்திலிருந்தும் சில செய்திகளைப் படித்திருப்பீர்கள். 2013ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வுகள், உப்பு கூடினால் டிஎச்17 என்ற அழற்சிச் செல்கள் பெருகுகின்றன என்று காட்டின. 2019ல் ஒவ்வாமைக்குப் பின்னால் இருக்கும் டிஎச்2 செல்களையும் உப்பு தூண்டும் என்று ஓர் ஆய்வு வந்தது, ஒவ்வாமைத் தோல் அழற்சி உள்ள தோலில் சோடியம் அதிகம் இருப்பதையும் அதில் பார்த்தார்கள். ஆர்வமூட்டும் வேலைதான். ஆனால் கண்ணாடித் தட்டிலும் எலியிலும் தோலிலும் பார்த்ததை நுரையீரலுக்கு அப்படியே தூக்கிப் போட முடியாது.

சாப்பிடும் உப்பையும் முகரும் உப்பையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அடர் உப்புநீரை, குறிப்பாக 4.5 சதவீதக் கரைசலை, முகர வைத்து ஆஸ்துமா இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் சோதனையே இருக்கிறது, ஏனென்றால் ஓட்டம் செய்வதையே அதுவும் செய்யும், படலத்தை அடர்த்தியாக்கி இழுப்பை வரவழைக்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் கெட்டியான சளி தேங்கும் ஒரு மரபணு நோய்) உள்ளவர்களுக்கு 7 சதவீத உப்புநீரைச் சளி இளக்கக் கொடுப்பார்கள், அங்கேயும் முதலில் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்தைக் கொடுத்துவிட்டுத்தான். ஆகவே வீட்டில் உப்பைக் கரைத்து நெபுலைசரில் ஊற்றுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள், அளவும் தெரியாது, கிருமி இல்லை என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. உப்புக் குகை, உப்பு அறை வகையறாக்களுக்கு ஆஸ்துமாவைக் குணப்படுத்துவதாக நம்பத்தகுந்த சான்று கிடையாது. சில மணி நேரம் புகையும் தூசியும் இல்லாத இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தால் யாருக்கும் நன்றாகத்தான் இருக்கும்.

சரி, கேட்டவர் என்ன செய்யலாம்? ஓடினால் இழுப்பு வருகிறது என்றால், முதலில் அவருடைய ஆஸ்துமா மொத்தமாகக் கட்டுக்குள் இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்க்க வேண்டும். பலருக்கு ஓட்டத்தில் வரும் தொந்தரவுதான் அழற்சி உள்ளே புகைந்துகொண்டிருக்கிறது என்பதற்கு முதல் அடையாளம். முகரும் ஸ்டீராய்டை, அதாவது அழற்சியை அடக்கும் இன்ஹேலர் மருந்தை, ஒழுங்காக எடுத்தாலே சில வாரங்களில் பாதிக்கு மேல் அடங்கிவிடும். ஓடும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு விட்டு உடம்பைச் சூடேற்றுவது, குளிர்ந்த வறண்ட காற்றில் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வது இரண்டும் உதவும். இதெல்லாம் செய்த பிறகு உப்பையும் குறைத்துப் பார்க்க விரும்பினால் தாராளமாகப் பார்க்கலாம், அதைச் சும்மா மனம்போன போக்கில் செய்யாமல் அளந்து செய்யுங்கள். ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று காட்டும் சின்னக் கருவி அது. மருந்தை எதுவும் மாற்றாமல், ஒரே பாதையில் ஒரே வேகத்தில் ஓடி, ஓடும் முன்னும், நின்ற பிறகு 5, 10, 15ஆவது நிமிடத்திலும் ஊதி எழுதிவையுங்கள். வழக்கமான சாப்பாட்டில் சில முறை, அப்புறம் இரண்டு வாரம் உப்பைக் குறைத்து அதேபோல் சில முறை. நிவாரண இன்ஹேலர் சட்டைப்பையில் இருக்க வேண்டும், தனியாக ஓட வேண்டாம், தீவிரமான தாக்குதல் முன்பு வந்திருந்தால் இந்தப் பரிசோதனையே வேண்டாம். விழும் அளவு தெளிவாகக் குறைந்தால் உங்களுக்குப் பலன் இருக்கிறது. குறையவில்லை என்றால் மூச்சுக்காக உப்பைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிடலாம்.

எவ்வளவு குறைப்பது? உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் கீழே, அதாவது 2 கிராம் சோடியத்துக்குக் கீழே. உலகச் சராசரி அதைப்போல இரு மடங்குக்கும் மேல். பாக்கெட்டில் சோடியம் என்று போட்டிருப்பதை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். கல் உப்பு, கடல் உப்பு, இளஞ்சிவப்பு உப்பு எதுவானாலும் மூச்சுக்குழாய்க்கு எல்லாம் சோடியம் குளோரைடுதான், நிறத்துக்கு ஏமாற வேண்டாம். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பை வாங்கும் முன் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் சில இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் அது இதயத்தைத் தாக்கும். அட்ரினல் சுரப்பிக் குறைபாடு உள்ளவர்கள், வெயிலில் மணிக்கணக்கில் வியர்க்க ஓடுபவர்கள் உப்பைக் கடுமையாகக் குறைக்கக் கூடாது. குழந்தைகளுக்குத் தனியாக உப்பில்லாச் சாப்பாடு என்று ஆரம்பிக்காதீர்கள், பாக்கெட் தின்பண்டத்தைக் குறைத்தாலே போதும்.

ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் நான் உப்பைக் குறைக்கச் சொல்லி அழுத்தமாகவே சொல்வேன், அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை எடுக்க வேண்டியிருப்பவர்களுக்கு. பிரட்னிசோலோன் போன்றவை சோடியத்தையும் நீரையும் உடம்பில் தேக்கிவைக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும், இரத்த அழுத்தத்தை ஏற்றும்; நிவாரண இன்ஹேலரில் இருக்கும் சால்பூட்டமால் என்ற மருந்தை அதிகம் எடுத்தாலும் பொட்டாசியம் இறங்கும். இவர்களுக்கு உப்புக் குறைப்பு மூச்சுக்காக இல்லாவிட்டாலும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நிச்சயம் நல்லது. அப்படி அடிக்கடி மாத்திரை தேவைப்படுகிறது என்றாலே சிகிச்சையை மறுபடி பார்க்க வேண்டும் என்றும் அர்த்தம்.

இன்ஹேலரை நிறுத்தலாமா என்று கேட்டதற்கு வருகிறேன். மேலே சொன்ன ஓட்ட ஆய்வுகளில் உப்பைக் குறைத்தவர்களுக்குச் சுருக்கம் குறைந்ததே தவிர அடியோடு மறைந்துவிடவில்லை. முகரும் ஸ்டீராய்டு ஒழுங்காக எடுப்பவர்களிடம் ஆஸ்துமா இறப்பு குறைகிறது என்பதற்குப் பெரிய அளவில் சான்று இருக்கிறது, உப்புக் குறைப்புக்கு அப்படி ஒன்று கிடையாது. மருந்தின் அளவைக் குறைக்க ஆசையாக இருந்தால், மூன்று மாதமாவது தொந்தரவே இல்லாமல் இருந்த பிறகு மருத்துவரோடு பேசி ஒவ்வொரு படியாகக் குறைக்கும் வழி இருக்கிறது, அதைக் கேளுங்கள்.